எண்ணித் தெளிய எழுதுதல்

நுழையும்முன்

ஆய்வு என்றவுடன் ஆய்வுக்கூடமும் கருவிகளும் நினைவுக்கு வரும். எழுதுகோலும் தாளும் ஆய்வுக் கருவிகளே. கணினி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவர், தம் சிந்தனைகளை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குறிப்புகளாக எழுதி, எண்ணிட்டு, சக ஆய்வாளர்களுக்கு அனுப்பிவந்தார். எழுத்து எவ்வாறு சிந்தனையைக் கூர்மையாக்கும் என்பதை அவருடைய பழக்கத்தின் வழியாக அறிவோம்.

புதிய துறையின் முன்னோடி

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பயின்றார். 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலராகப் பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் நிரல் எழுதுவது ஒரு தொழிலாகவே கருதப்படவில்லை. 1957இல் அவர் தம் திருமணப் பதிவில் தொழில் 'நிரலர்' எனக் குறிப்பிட்டார். அப்படியொரு தொழில் இல்லை என நகராட்சி அலுவலர்கள் அதனை ஏற்க மறுத்தனர். இறுதியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்றே பதிவாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியைக் கண்டறியும் நெறிமுறையை அவர் வகுத்திருந்தார். 1959இல் கட்டுரையாக வெளிவந்த அந்நெறிமுறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை அவர் 1972இல் பெற்றார்.

எண்ணிட்ட குறிப்புகள்

ஆய்விதழ்கள் முடிவு எட்டப்பட்ட ஆய்வுகளையே பெரிதும் வெளியிடுகின்றன. ஆய்வாளரின் உள்ளத்தில் எழும் ஐயங்களுக்கும், வளர்ந்துவரும் கருத்துகளுக்கும், கற்பித்தல் குறித்த எண்ணங்களுக்கும் அங்கு இடம் குறைவு. டைக்ஸ்ட்ரா அவற்றுக்கெல்லாம் தாமே ஓர் இடம் அமைத்துக்கொண்டார். தம் பெயரின் முதலெழுத்துகளான 'இ.டபிள்யூ.டி.' என்பதனுடன் வரிசை எண் இட்டு ஒவ்வொரு குறிப்பையும் எழுதினார். பிற்காலக் குறிப்புகளுள் பெரும்பாலானவை மையூற்றுப் பேனாவால் தெளிவான கையெழுத்தில் எழுதப்பட்டவை.

கணிதச் சான்றுகள், பயண அறிக்கைகள், கல்வி குறித்த விமரிசனங்கள் எனப் பலவும் அவற்றுள் இருந்தன. கணிதத் தேற்றங்களை உற்பத்தி செய்து விற்கும் கற்பனை நிறுவனம் ஒன்றைப் படைத்து எழுதிய அங்கதக் குறிப்புகளும் உண்டு. அவர் ஒவ்வொரு குறிப்பின் ஒளிநகலையும் பல பத்து அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். பெற்றவர்கள் மேலும் நகலெடுத்துப் பிறருக்கு வழங்கினர். இவ்வாறு பல குறிப்புகள் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்தன.

சுழியமா, ஒன்றா?

சி++, பைத்தான் ஆகிய நிரல்மொழிகளில் ஓர் அணியின் முதல் உறுப்புக்குரிய எண் சுழியம் ஆகும். கணினி அறிவியலார் இவ்வாறு எண்ணுவதை வீண் நுணுக்கம் என்று கணிதத்துறையைச் சார்ந்த ஒருவர் சாடினார். டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு குறிப்பில் இச்சாடலைச் சுட்டி, சுழியத்தில் தொடங்குவதற்கான காரணத்தைப் படிப்படியாக விளக்கினார்.

2 முதல் 12 வரையிலான எண்களைக் குறிக்கும் வழிகளை அவர் ஒப்பிட்டார். '2இல் தொடங்கி 13க்கு முன் முடிவது' என்பது ஒரு வழி. இதில் 13இலிருந்து 2ஐக் கழித்தால் கிடைக்கும் 11 என்பதே அத்தொடரிலுள்ள எண்களின் எண்ணிக்கை ஆகும். '1க்குப் பின் தொடங்கி 12இல் முடிவது' என்னும் வழியிலும் இந்நன்மை உண்டு. ஆயினும் அவ்வழியில் சுழியத்தில் தொடங்கும் தொடரைக் குறிக்க −1 என்னும் குறை எண் தேவைப்படும். ஆகவே முதல் வழியே சிறந்தது. அவ்வழியில் பத்து உறுப்புகளை ஒன்றிலிருந்து எண்ணினால் எல்லைகள் 1, 11 என அமையும். சுழியத்திலிருந்து எண்ணினால் 0, 10 என எளிமையாக அமையும். மேலும், ஓர் உறுப்பின் எண்ணே அதற்கு முன்னுள்ள உறுப்புகளின் எண்ணிக்கையைக் காட்டிவிடும்.

ஒரு சாடலுக்குச் சினத்தால் விடை கூறுவது எளிது. அதனை எழுத்தில் வைத்து ஆராயும்பொழுது, வழக்கம் எது, காரணம் எது என்பது புலனாகிறது. வழக்கத்தைக் காரணத்தோடு அறிந்தவரே அதனைப் பிறருக்கு விளக்க இயலும்.

உரிமையும் பொறுப்பும்

நிரல்களில் 'கோ டூ' கட்டளையைப் பயன்படுத்துவதன் தீமையைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1968இல் ஓர் ஆய்விதழில் கடிதமாக வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற தலைப்பு இதழாசிரியரான நிக்கலஸ் விர்த் இட்டதாகும். நிரல்களின் கட்டமைப்பு குறித்த நெடிய விவாதத்துக்கு அக்கடிதம் வித்திட்டது.

தனிக் குறிப்புகளை வெளியிடுமுன் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர் எவரும் இல்லை. இதனால் எழுதுபவருக்கு உரிமை மிகுதி; பொறுப்பும் மிகுதி. கோபோல், பேசிக் முதலிய நிரல்மொழிகளைக் குறித்து டைக்ஸ்ட்ரா 1975இல் எழுதிய கடுஞ்சொற்கள், அவற்றைக் கற்றோரையும் கற்பித்தோரையும் சுடுவனவாக இருந்தன. கருத்தைக் காரணத்தோடு நிறுவிய குறிப்பையும், தீர்ப்பை மட்டும் கூறிச் சென்ற குறிப்பையும் அருகருகே வைத்துப் படிப்போர், எழுத்துக்கு வலிமை தருவது எது என்பதை எளிதில் உணர்வர்.

டைக்ஸ்ட்ரா 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார். 1318 என்னும் எண்ணுடைய இறுதிக் குறிப்பை அவ்வாண்டு ஏப்ரலில் எழுதியிருந்தார். அவர் இறுதியாகப் பணியாற்றிய டெக்சாஸ் பல்கலைக்கழகம் அக்குறிப்புகளை அனைவரும் படிக்கும் வகையில் பாதுகாத்துவருகிறது. புரிந்துவிட்டது என்று கருதும் ஒன்றை எழுதிப் பார்க்கும்பொழுதுதான் புரியாத இடம் தெரியவரும். அவ்விடத்திலிருந்தே கற்றல் மீண்டும் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. இவ்வாரம் கற்ற பாடக்கருத்து ஒன்றைப் பிற பிரிவு மாணவர் ஒருவருக்குப் புரியுமாறு ஒரு பக்க அளவில் எழுதுக. அவர் எழுப்பும் வினாக்களுக்கேற்பத் திருத்தி எழுதுக.

2. 'மதிப்பீட்டாளர் இன்றி வெளியாகும் எழுத்து – உரிமையும் பொறுப்பும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.