குகைக்குள் ஒரு பாடம்: கேவ் ஸ்டோரி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "நல்ல கேம் விளையாட விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?" என்பதுதான். தேவையில்லை என்பதற்கு நான் காட்டும் உதாரணம் கேவ் ஸ்டோரி.

ஜப்பானைச் சேர்ந்த டைசுகே அமாயா என்பவர் ஓய்வு நேரங்களில் சுமார் ஐந்து ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய கேம் இது. கதை, படங்கள், புரோகிராம், இசை அனைத்தும் அவர் ஒருவரே செய்தவை. இசை அமைப்பதற்கான மென்பொருளைக்கூட அவரே எழுதிக்கொண்டார். 2004 டிசம்பரில் விண்டோஸுக்கு இலவசமாக வெளியிட்டார். பைல் அளவு சில எம்பி மட்டுமே.

இது என்ன வகை கேம்?

சாதாரண ஆக்ஷன் கேம்களில் ஒரு லெவலை முடித்தால் அடுத்த லெவல் வரும். முடித்த இடத்திற்குத் திரும்ப மாட்டோம். தேடல் வகை ஆக்ஷன் கேம்கள் அப்படி அல்ல. புதிய ஆயுதமோ திறனோ கிடைத்தபின், முன்பு போக முடியாத வழிகள் திறக்கும். பார்த்த இடத்திற்கே மீண்டும் வருவோம். 1986-இல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டு இவ்வகைக்கு முன்னோடி.

சொல்லாமல் சொல்லித் தருகிறது

கேம் தொடங்கும்போது உங்கள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. உயிர் அளவு வெறும் 3. முன்னே செல்லும் வழியைக் கற்கள் அடைத்திருக்கும். வேறு வழியின்றி மறுபக்கம் போனால், தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் வீட்டில் ஒரு துப்பாக்கி கிடைக்கும். அதை எடுத்து வந்து கற்களை உடைத்தால் வழி திறக்கும். "வழி அடைபட்டால் வேறு பக்கம் தேடு, கிடைத்ததோடு திரும்பி வா" என்ற இவ்வகை கேமின் முழு இலக்கணமும் இந்தச் சில நிமிடங்களில் புரிந்துவிடும். விளக்கப் பக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆயுதமும் வளரும், தேயும்

எதிரிகளை வீழ்த்தினால் சிறு முக்கோணங்கள் சிதறும். அவற்றைச் சேகரித்தால் ஆயுதம் மூன்று நிலைகள் வரை வலுப்பெறும். நீங்கள் அடி வாங்கினால் அந்த வலிமை குறையும். ஆகவே கண்மூடித்தனமாகச் சுடுபவரைவிட, கவனமாக நகர்பவருக்கே இதில் லாபம்.

என்னை ஏமாற்றிய பண்டமாற்று

கல்லூரி விடுதியில், பழைய லேப்டாப்பில் இதை முதன்முதலாக விளையாடினேன். மணல் பகுதியில் கர்லி பிரேஸ் என்ற பாத்திரம், "உன் துப்பாக்கியைக் கொடு, என் மெஷின் கன்னைத் தருகிறேன்" என்ற பொருளில் கேட்கிறாள். யோசிக்காமல் மாற்றிக்கொண்டேன். கேமையும் முடித்தேன். மறுத்து, பழைய துப்பாக்கியை வைத்திருந்து, கடைசிப் பகுதியில் முதல் குகைக்கே திரும்பினால், அதைச் செய்தவர் அதையே மிகச் சக்திவாய்ந்த ஆயுதமாக மாற்றித் தருவார் என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே இரண்டாம் முறை தொடங்கினேன்.

குறையும் உண்டு. இத்தகைய சில ரகசியங்களுக்கு கேமில் போதிய குறிப்பே இல்லை. நல்லெண்ணத்துடன் செய்யும் செயலும் நஷ்டத்தில் முடியலாம். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

விளையாடுவது எப்படி?

1. அம்புக் கீகளால் நகருங்கள். இசட் கீ தாவ, எக்ஸ் கீ சுட.
2. கியூ கீயை அழுத்தினால் உங்களிடம் உள்ள பொருள்களைப் பார்க்கலாம்.
3. டிஸ்க் படம் தெரியும் இடத்தில் கீழ் அம்புக் கீயை அழுத்தி சேவ் செய்யுங்கள். தானாக சேவ் ஆகாது. வேர்டில் கடிதம் அடிக்கும்போது உள்ள அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும்.
4. டவுன்லோடு செய்த ஜிப் பைலை ஆன்டிவைரஸ் மூலம் சோதித்த பிறகே திறக்கவும்.

ஸ்டீமில் 2011-இல் வந்த கேவ் ஸ்டோரி ப்ளஸ், கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய தனிப் பதிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஏன் பிடித்தது?

நான் மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன். மூன்று கேம்களை எழுதத் தொடங்கி, மூன்றையும் பாதியில் விட்டவன். "ஆள் இல்லை, நேரம் இல்லை" என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த கேமுக்குப் பின்னால் இருந்தவர் ஒரே ஒருவர், அவருக்குக் கிடைத்ததும் ஓய்வு நேரம்தான் என்று அறிந்தபின் அந்தக் காரணம் செல்லவில்லை. இப்போது நான்காவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரையும் இதேபோல் அணுகுங்கள். தெரியாத மெனுவைத் திறந்து பாருங்கள். ஒரு வழி அடைபட்டால் மறு வழி தேடுங்கள். ஆனால் முதலில் சேவ் செய்துவிடுங்கள்!