துணியை இளக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

ஜொகூரின் ஸ்கூடாயில் என் வீட்டுப் பக்கம் இருக்கும் இளையவர்கள் சிலர் பத்து பஹாட் துணி ஆலைகளுக்கு ஃபினிஷிங் பிரிவு வேலைக்குப் போகிறார்கள். போவதற்கு முன் என்னிடம் வந்து கேட்பார்கள். பல காலம் அந்த வேலையில் இருந்தவன் என்பதால் அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து போட்டு மென்மையாக்குவது ஒரு வழி. இயந்திரத்தால் வளைத்து, தட்டி, உரசி, நெருக்கி மென்மையாக்குவது இன்னொரு வழி. நான் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

1. துணி ஏன் விறைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. சாயம் ஏற வேண்டும் என்பதற்காக அதைக் காரத்தில் காய்ச்சி எடுத்துவிடுகிறோம். பிறகு ஸ்டென்டரில் இரு ஓரமும் இழுத்துப் பிடித்து, சூட்டில் உலர்த்துகிறோம். அப்போது நூலோடு நூல் ஒட்டி இறுகிவிடுகிறது. அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் நம் வேலை. எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும், இது எந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. வழவழப்பை மென்மை என்று எண்ணிவிடாதீர்கள். காலண்டரில் சூடான எஃகு உருளைக்கும் மெத்தென்ற உருளைக்கும் நடுவே துணி அழுந்திப் போகும்போது உருண்டை நூல் தட்டையாகிறது, மேற்பரப்பு பளபளக்கிறது. விரல் வழுக்கும். ஆனால் கையில் அள்ளிப் பிடித்தால் காகிதம் போலக் கிடக்கும். பருத்தியில் இந்தப் பளபளப்பு ஒரு முறை துவைத்தாலே பெருமளவு போய்விடும், நூல் தண்ணீரில் உப்பித் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுவதால். நம் மலாய்க்காரர்கள் பழைய நாளில் கஞ்சி போட்ட துணியைச் சோழியால் அழுத்தித் தேய்த்து மினுக்குவார்கள். கெருஸ் என்று அதற்குப் பெயர். அருமையான கைவேலை. அதன் நோக்கமும் மினுக்கம்தான். வாங்குபவர் கேட்பது மினுக்கமா, குழைவா, கனமான மெத்தையா என்று தெரிந்துகொண்ட பிறகே இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. இழை எழுப்பும் ரைசிங் வேலையைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பெரிய டிரம்மைச் சுற்றி 24 அல்லது அதற்கும் மேற்பட்ட உருளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வளைந்த சின்னக் கம்பி முட்கள். ஒன்றுவிட்டு ஒன்று, முட்கள் எதிரெதிர்த் திசையில் வளைந்திருக்கும். அந்த உருளைகளின் வேகத்துக்கும் துணியின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இழையை எவ்வளவு பிடுங்குவது என்று தீர்மானிக்கிறது. குளிர்நாட்டுக்குப் போகும் ஸ்வெட்டர் துணியின் உட்பக்கம் பஞ்சு போல இருப்பது இதனால்தான்.

இதில் பாதி வேலை நூல் வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. அந்த ஸ்வெட்டர் துணியான மூன்று நூல் ஃப்ளீஸில் உள்பக்க நூலுக்கு முறுக்கு குறைவாக இருக்கவேண்டும். முறுக்கு கூடிய நூலை முட்களால் எத்தனை முறை கீறினாலும் இழை எழும்பாது, அறுந்துதான் போகும். ஒரேயடியாக ஆழமாகக் கீறுவதைவிட, மெல்ல மெல்லப் பல முறை ஓட்டுவது நல்லது. ஓட்டுவதற்கு முன் துணியில் கொஞ்சம் சாஃப்ட்னர் மருந்து இருந்தால் இழை உடையாமல் நழுவி வெளியே வரும். மருந்தும் இயந்திரமும் கைகோக்கும் இடம் இது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அகலம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எழும்பிய இழையைக் கடைசியில் ஒரே உயரத்துக்குக் கத்தரித்தால்தான் அழகு.

4. உப்புத்தாள் சுற்றிய உருளைகளில் உரசுவது வேறு வகை. பீச் பழத்தின் தோல் மாதிரிக் குட்டையான பூவிழை வரும், அதனால் பீச் ஃபினிஷ் என்பார்கள். இங்கே ஒரு பொல்லாத விஷயம் உண்டு. புதுத் தாள் நன்றாகக் கீறும், தேய்ந்த தாள் தடவிவிட்டுப் போகும். ஆகவே ஒரே லாட்டின் முதல் ரோலும் கடைசி ரோலும் ஒன்றாக இருக்காது. தாள் மாற்றிய நேரத்தை எழுதி வையுங்கள். முதல், நடு, கடைசி மூன்றிலிருந்தும் துண்டு வெட்டி அருகருகே வைத்துப் பாருங்கள். பூவிழை வந்ததும் கறுப்பும் கருநீலமும் வெளிறித் தெரியும். சாயப் பிரிவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிறம் முடிந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

5. சுருக்கி மென்மையாக்குவதை இளையவர்கள் கவனிப்பதே இல்லை. அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூயெட் 1930-இல் காப்புரிமை பெற்ற முறை இது. சான்ஃபரைசிங் என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது. தடித்த ரப்பர் பெல்ட் ஓர் உருளை மேல் வளையும்போது அதன் வெளிப்புறம் நீளும். ஈரப்பதமான துணி அந்த நேரத்தில் அதன்மேல் ஏறி உட்காரும். பெல்ட் நிமிர்ந்து சுருங்கும்போது துணியும் கூடவே சுருங்கும். பின்னல் துணிக்குத் தமிழ்நாட்டின் திருப்பூரில் காம்பாக்டிங் என்று செய்வதும் இதே நோக்கம்தான். எல்லாரும் இதைத் துவைத்தால் சுருங்காமல் இருக்கச் செய்கிற வேலை என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டென்டரில் இழுபட்டுப் போன வளையங்கள் நெருங்கித் தளர்வதால் துணிக்கு உடம்பும் குழைவும் சேர்ந்தே கிடைக்கின்றன. இழை எதையும் அறுக்காமல் கிடைக்கும் மென்மை இது. எனக்குப் பிடித்த இயந்திரம் இதுதான்.

6. காற்றில் தட்டி இளக்கும் இயந்திரங்களும் உண்டு. இத்தாலியின் பியான்கலானி நிறுவனம் செய்யும் ஐரோ பெயர்பெற்றது. துணியைக் கயிறு போலத் திரட்டி, வேகமான காற்றில் வீசிக் கம்பி வலையில் மோதவிடும். டவல், லினன், டெனிம் எல்லாம் அதில் அழகாக இளகும். பழைய மில்களில் பித்தளைக் குமிழ்கள் பதித்த உருளைகளில் ஓட்டியே கஞ்சி விறைப்பை உடைத்தார்கள். அப்படி ஒன்று மூலையில் கிடந்தால் பழசு என்று ஒதுக்காதீர்கள், ஓட்டிப் பாருங்கள்.

7. மென்மை கூடும்போது பலம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பாருங்கள். நெய்த துணிக்குக் கிழிசல் சோதனை, பின்னல் துணிக்கு வெடிப்புச் சோதனை, இரண்டுக்கும் துவைத்த பின் தொட்டுப் பார்ப்பது. துவைத்த பிறகும் நிற்காத மென்மையை வாங்குபவரிடம் காட்டாதீர்கள்.

8. கையை நம்புங்கள், காலநிலையை மறவாதீர்கள். ஜொகூரின் ஈரக்காற்றில் பருத்தி நிறைய ஈரம் இழுத்துக்கொள்ளும். அதே துணி குளிரூட்டிய அலுவலகத்தில் வேறு மாதிரித் தோன்றும். துணிச் சோதனைக்கான உலகப் பொதுத் தரம் 20 டிகிரி செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதம். மாதிரியை அந்த நிலையில் வைத்த அறையில் சில மணி நேரம் போட்டு வைத்துப் பிறகு தொடுங்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுவேயோ கவாபத்தா 1970-களில் தொடு உணர்வை அளக்கவே கருவிகள் செய்தார். வளைவு, உராய்வு, அமுக்கம் என்று 16 அளவுகள். அந்த மனிதர் தொடங்கியதும் அனுபவசாலிகளின் கைகளைக் கேட்டுத்தான்.

9. நம் இயந்திரங்கள் சாய நீர் கக்குவதில்லை என்பது பெரிய விஷயம். சாய நீரால் நொய்யல் ஆறு கெட்டுப்போனதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஓர் ஊரே திகைத்து நின்றது. சாஃப்ட்னரை ஒரு கிராம் குறைத்து, அந்த இடத்தை உருளையால் நிரப்ப முடிந்தால் செய்யுங்கள்.

10. ஆனால் தூசி கக்கும். ரைசிங், உப்புத்தாள் இரண்டிலும் பறக்கும் பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் கட்டாமல் நிற்காதீர்கள், சூப்பர்வைசர் கட்டாவிட்டாலும் நீங்கள் கட்டுங்கள். உறிஞ்சு குழாய் அடைத்திருந்தால் இயந்திரத்தை ஓட்ட மறுத்துவிடுங்கள். பஞ்சு குவிந்த இடத்தில் ஒரு பொறி போதும், தீ நொடியில் ஓடும். முள் உருளையில் துணி சுற்றிக்கொண்டால் முழுதும் நின்ற பிறகே கை வையுங்கள். ஷிப்ட் முடியும் அவசரத்தில்தான் கைகள் போகின்றன. அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் யார் அவசரப்படுத்தினாலும் மெதுவாகவே வேலை செய்யுங்கள்.