காந்தி கடைசியாக வாழ்ந்த வீடு: பிள்ளைகளோடு போவதற்கு முன்னால்

அரையாண்டு லீவில் டெல்லிக்குப் போகிறோம் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா கேட், ஒரு நாள் ஆக்ரா, எல்லாம் சரி. ‘காந்தி சமாதி’ என்று ஒரு வரி எழுதி அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறாய். ராஜ்காட்டுக்கு அது போதும். அங்கே இருப்பது அவரைத் தகனம் செய்த இடம், கும்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் அவர் வாழ்ந்த இடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றால் காந்தி ஸ்மிருதிக்குக் கூட்டிப் போ. அதற்கு ஒரு முழுக் காலைப் பொழுதை எடுத்து வை.

முதலில் இடத்தைக் குழப்பிக்கொள்ளாதே. ஆட்டோவில் ஏறி ‘பிர்லா’ என்று மட்டும் சொன்னால் மந்திர் மார்க்கில் இருக்கிற பிர்லா மந்திரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அது லட்சுமி நாராயணர் கோயில். நீ போக வேண்டியது தொழிலதிபர் ஜி.டி. பிர்லாவின் பழைய வீடு. ‘தீஸ் ஜனவரி மார்க், காந்தி ஸ்மிருதி’ என்று முழுசாகச் சொல். மெட்ரோ என்றால் மஞ்சள் லைனில் லோக் கல்யாண் மார்க் ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள். சின்னவனை வைத்துக்கொண்டு அந்த அகலமான சாலைகளில் நடக்க வேண்டாம். ராஜ்காட் பக்கம் காந்தி பெயரில் வேறு மியூசியமும் இருக்கிறது, மேப்பில் போடும்போது பார்த்துப் போடு.

திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாளில் காலை 10 மணிக்குத் திறப்பார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. அரசு விடுமுறை நாள் என்றால் முன்கூட்டியே விசாரித்துவிடு. அக்டோபர் 2, ஜனவரி 30 இரண்டு நாளும் அங்கே சர்வமதப் பிரார்த்தனை நடக்கும், பெரிய தலைவர்கள் வருவார்கள், பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும். நிதானமாகப் பார்க்க அந்த நாட்கள் தோதுப்படாது. டிசம்பர் கடைசி என்றால் மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் ஊர் போய்ச் சேருகிற அன்றைக்கே இதை வைத்துக்கொள்ளாதே. இரண்டாம் நாள் காலை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஸ்வெட்டரோடு பிள்ளைகளுக்கு சாக்ஸும் இருக்கட்டும். செருப்பைக் கழற்றச் சொல்கிற இடத்தில் தரை ஜில்லென்று காலைக் கவ்வும்.

இதெல்லாம் எப்படியும் சமாளித்துவிடுவாய். போவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் என்ன சொல்லி வைக்கிறாய் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

‘காந்தித் தாத்தாவைச் சுட்ட இடத்துக்குப் போகிறோம்’ என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போகாதே. அப்படிச் சொன்னால் அவர்கள் நேராகத் தோட்டத்துக்கு ஓடுவார்கள், அந்த இடத்தைப் பார்ப்பார்கள், ஒரு போட்டோ, பிறகு பசிக்கிறது என்பார்கள். அந்த வீட்டில் அவர் இறந்தது ஒரு மாலையில். வாழ்ந்தது 144 நாள். 1947 செப்டம்பர் 9 முதல் 1948 ஜனவரி 30 வரை. எழுபத்தெட்டு வயதில் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது தெரிந்தால்தான் அந்தக் கடைசி மாலை பிள்ளைகளுக்குப் புரியும்.

ரயிலில் நேரம் நிறைய இருக்கும், கதையாகவே சொல்லு. நாடு இரண்டாகப் பிரிந்த சமயம். கல்கத்தாவில் கலவரத்தை அடக்க உண்ணாவிரதம் இருந்துவிட்டு, அடுத்து பஞ்சாபுக்குப் போக வேண்டும் என்று காந்தி கிளம்பி வருகிறார். டெல்லி வந்து இறங்கினால் டெல்லியே பற்றி எரிகிறது. வழக்கமாக அவர் தங்குகிற துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு முழுக்க அகதிகள். அதனால்தான் அவரை பிர்லா வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் தேடிப்போன மாளிகை இல்லை அது. பெரியவள் கட்டாயம் கேட்பாள், ‘ஏழையாக வாழ்ந்தவர் ஏன் பணக்காரர் வீட்டில் இருந்தார்’ என்று. பதிலைக் கையில் வைத்துக்கொள்.

உன் பட்டியலில் ஹுமாயூன் கல்லறையும் புராணா கிலாவும் இருக்கிறதே, அவற்றை இந்த வீட்டுக்கு முன்னால் பார்த்துவிடு. 1947ல் அந்த இரண்டு இடங்களிலும் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்தார்கள். பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த இந்துக்களும் சீக்கியர்களும் கிங்ஸ்வே முகாம் போன்ற இடங்களில். காந்தி இரண்டு பக்கமும் போய் வந்தார். குளிர்காலம் வந்ததும் அகதிகளுக்குக் கம்பளியும் ரஜாயும் கொடுங்கள் என்று ஊரெல்லாம் கேட்டார். ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிற பிள்ளைகளுக்கு இதை நீ விளக்கவே வேண்டாம்.

உள்ளே போனதும் தோட்டத்தை விட்டுவிட்டு முதலில் அவர் அறைக்குப் போ. இந்த வரிசையை மட்டும் மாற்றாதே. கடைசி நாளில் அவர் நடந்த திசையும் அதுதான், அறையிலிருந்து தோட்டத்துக்கு.

அறையில் தரையில் ஒரு வெள்ளை மெத்தை, திண்டு, தாழ்ந்த சின்ன மேசை, ராட்டை. கண்ணாடிக்குள் கைத்தடி, மூக்குக்கண்ணாடி, முள்கரண்டி, கத்தி, சோப்புக்குப் பதிலாக அவர் தேய்த்துக் குளித்த ஒரு சொரசொரப்பான கல். அவ்வளவுதான். ‘இவ்வளவுதானா?’ என்று பிள்ளைகள் கேட்டால் உடனே எளிமையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்காதே. அவர்களே பார்க்கட்டும். அந்தத் தாழ்ந்த மேசைக்கு முன்னால் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று மட்டும் சொல்லு. நேரு, படேல், ஆசாத், மவுண்ட்பேட்டன், எரிந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டு வந்த பெயர் தெரியாத மனிதர்கள்.

இந்த வீட்டில்தான் அவருடைய கடைசி உண்ணாவிரதம். 1948 ஜனவரி 13 அன்று தொடங்கினார். முஸ்லிம்கள் டெல்லியில் அச்சமில்லாமல் நடமாட வேண்டும், பிடுங்கப்பட்ட மசூதிகளைத் திருப்பித் தர வேண்டும், மெஹ்ரௌலி தர்காவில் வழக்கமான உருஸ் விழா நடக்க வேண்டும், இப்படித்தான் அவர் கேட்டவை இருந்தன. பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய 55 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருந்த அரசு, உண்ணாவிரதத்துக்கு நடுவில் அதைக் கொடுக்க முடிவு செய்தது. எல்லோரும் உருகிவிட்டார்கள் என்று நினைக்காதே. வீட்டுக்கு வெளியே வந்து ‘காந்தி சாகட்டும்’ என்று கோஷம் போட்டவர்களும் உண்டு. நேரு அதைக் கேட்டுக் கொதித்துப்போய் காரிலிருந்து இறங்கி அவர்களை எதிர்த்து நின்றார். ஜனவரி 18 அன்று எல்லாத் தரப்புப் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு உறுதி கொடுத்த பிறகு, மௌலானா ஆசாத் கையால் ஆரஞ்சுச் சாறு வாங்கிக் குடித்தார். பிள்ளைகள் இந்தக் கட்டத்தை விரும்பிக் கேட்பார்கள், அவசரப்படாமல் சொல்லு.

அறைக்குப் பக்கத்து நடைகளில் படங்களும், அவர் வாழ்க்கையைச் சொல்லும் பொம்மைக் காட்சிகளும் இருக்கும். சின்னவன் பொம்மைகளை விட்டு நகர மாட்டான். விடு, பார்க்கட்டும். நீ எல்லாப் பலகையையும் எழுத்துவிடாமல் படிக்க நினைக்காதே, கால் வலித்துவிடும், தோட்டத்துக்குப் போகும்போது மனசு களைத்துப் போயிருக்கும். 1947, 48 பற்றிய பலகைகளை மட்டும் நின்று படி.

பிறகு தோட்டம். அறையிலிருந்து பிரார்த்தனைத் திடல் வரை அவர் நடந்த வழியில் காலடிகளைச் செய்து பதித்திருக்கிறார்கள். அவை சட்டென்று ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கே ஒரு சின்ன மண்டபத்துக்குள் நினைவுக் கல். பிள்ளைகளுக்கு அந்தக் காலடிகளின் மேல் கால் வைத்து நடக்கத் தோன்றும். திட்டாதே, பக்கத்தில் நடக்கச் சொல்லு. நடக்கும்போது அந்த மாலையைச் சொல்லு. படேலோடு பேசிக்கொண்டிருந்ததில் 5 மணிப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. தாமதமாவது அவருக்குப் பிடிக்காது. இருபது வயதை ஒட்டிய மனு, ஆபா என்ற இரண்டு பேத்தி முறைப் பெண்களின் தோளில் கை வைத்துக்கொண்டு வேகமாக வந்தார். கும்பிட வருவதுபோல் ஒருவன் குறுக்கே வந்தான். மனு தடுத்தாள், அவளைத் தள்ளிவிட்டான். மூன்று குண்டுகள். மணி 5:17.

அதே திடலில் பத்து நாள் முன்னால், ஜனவரி 20 அன்று, ஒரு குண்டு வெடித்தது என்பதையும் சொல்ல மறக்காதே. அப்போது காந்தி பதறாமல் கூட்டத்தை உட்காரச் சொல்லிப் பிரார்த்தனையைத் தொடர்ந்தார். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதனை போட்டு உள்ளே விடுவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தினமும் அங்கே கீதையோடு குர்ஆனும் வாசிப்பார்கள். எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் உண்டு. ஆட்சேபணை வந்ததற்காகப் பிரார்த்தனையையே நிறுத்திய நாளும் உண்டு. குர்ஆன் வாசகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நடத்துவதற்கு அவர் இணங்கவில்லை. எனக்கு அந்தத் திடலில் மனசில் நிற்பது இதுதான்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் அந்த மாலையில் அங்கே இருந்தார். காந்தியின் செயலாளர் வி. கல்யாணம். சிம்லாவில் பிறந்த தமிழர், பின்னாளில் சென்னையில் வாழ்ந்து 2021ல் காலமானார். சுடப்பட்டபோது பக்கத்தில்தான் இருந்தார். காந்தி கடைசியாக ‘ஹே ராம்’ என்று சொன்னது தன் காதில் விழவில்லை என்று சொன்னார். அதை வைத்துப் பெரிய சர்ச்சையே வந்தது. சொல்லவில்லை என்று தான் கூறவில்லை, தனக்குக் கேட்கவில்லை என்றுதான் கூறினேன் என்று பிறகு விளக்கினார். நினைவுக் கல்லில் அந்தச் சொற்கள் பொறித்திருப்பதைப் பார்க்கும்போது பெரியவளுக்கு இதையும் சொல்லு. கூட இருந்தவர்கள் சொல்வதுகூட வேறுபடும் என்று தெரிந்துகொள்ளும் வயசு அவளுக்கு வந்துவிட்டது.

‘யார் சுட்டது, ஏன்?’ இந்தக் கேள்வி நிச்சயம் வரும். ‘ஒரு கெட்டவன்’ என்று சொல்லி மூடிவிடாதே. நாதுராம் கோட்ஸே என்று பெயரைச் சொல்லு. பைத்தியக்காரன் இல்லை, பத்திரிகை நடத்தியவன், கூட்டாளிகளோடு திட்டம் போட்டுச் செய்தவன். காந்தி முஸ்லிம்களுக்கு இடம் கொடுக்கிறார் என்ற வெறுப்பில் செய்தான் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம். செங்கோட்டையில் விசாரணை நடந்து, 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் அவனையும் கூட்டாளி ஆப்தேவையும் தூக்கிலிட்டார்கள். தூக்கு வேண்டாம் என்று காந்தியின் மகன்கள் மணிலாலும் ராம்தாஸும் கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லு. அடுத்த நாள் செங்கோட்டைக்குப் போகும்போது பிள்ளைகளே உனக்கு இதை நினைவுபடுத்துவார்கள்.

போட்டோ விஷயம். எடுக்கலாமா, எங்கே எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே கேட்டுக்கொள். அனுமதித்தாலும் அந்த நினைவுக் கல் முன்னால் சிரித்துக்கொண்டு செல்ஃபி வேண்டாம். தோட்டம் பெரியது, உலக அமைதி மணி இருக்கிறது, குடும்பப் படத்துக்கு அங்கே நில்லுங்கள். காலடி வழியில் போனைப் பையில் போட்டுவிடு. உன் வீட்டுக்காரரிடமும் சொல்லிவை, ஆபீஸ் கால் வந்தால் வெளியே போய்ப் பேசட்டும்.

மாடியில் 2005ல் தொடங்கிய மல்ட்டிமீடியா மியூசியம் ஒன்று இருக்கிறது. தொட்டால் ஒலிக்கும், சுற்றினால் படம் வரும், பிள்ளைகள் குதூகலமாகிவிடுவார்கள். அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். முதலில் அங்கே போய்விட்டால் கீழே இருக்கிற மெத்தையும் கைத்தடியும் அவர்கள் கண்ணில் படாது. அத்தை கூட வருவதாக இருந்தால் படியேற வைக்காதே. வெயில் இதமாக இருக்கிற பக்கம் தோட்டத்தில் உட்காரச் சொல்லு.

பக்கத்திலேயே சஃப்தர்ஜங் சாலை 1ம் எண் வீடு, இந்திரா காந்தி நினைவகம், இருக்கிறது. ‘இவ்வளவு கிட்டத்தில்தானே’ என்று இரண்டையும் ஒரே காலையில் முடிக்கப் பார்ப்பீர்கள். வேண்டாம். அங்கேயும் அவர் சுடப்பட்ட நடைபாதை, சேலை, உள்ளே போனால் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி போட்டிருந்த உடைகளும் இருக்கின்றன. ஒரே நாளில் இத்தனை மரணத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதே. இன்னொரு நாள் வைத்துக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு.

அதற்குப் பதில் குதுப் மினார் போகிற அன்று மெஹ்ரௌலிக்குள் நுழைந்து குவாஜா குத்புதீன் பக்தியார் காகியின் தர்காவுக்குப் போய் வா. உண்ணாவிரதத்தில் கேட்டபடியே உருஸ் நடந்தது. காந்தி ஜனவரி 27 அன்று அங்கே நேரில் போனார், சாவதற்கு மூன்று நாள் முன்னால். தலையை மூடிக்கொள்ள ஒரு துப்பட்டாவும், பையனுக்கு ஒரு கைக்குட்டையும் எடுத்துக்கொள். சந்து குறுகலாக இருக்கும், காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் மந்திர் மார்க்கில் வால்மீகி கோயில் வளாகத்தில் அவர் முன்பு தங்கிய அறையும் இருக்கிறது, பிர்லா மந்திருக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம்.

ஊருக்கு வந்த பிறகு, அடுத்த முறை மதுரைக்கு வரும்போது தமுக்கம் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியத்துக்கு நானே பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். சுடப்பட்ட அன்று மாலை காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சின்னவனுக்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டும்.