அகராதியும் ஓர் அமானிதமே

சென்ற ஆண்டு தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கான செயற்றிட்டமாக, நூலக இரவல் பதிவுகளுக்கு ஒரு சிறிய தரவுத்தளம் அமைத்தேன். அதில் நான் விட்ட பிழையிலிருந்து கற்ற பாடமே இக்கட்டுரை.

சுருக்குதல் என்றால் என்ன?

‘சிறுகதை’ என்ற சொல்லை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க 21 பைட்டுகள் தேவை. அதற்குப் பதிலாக 1 என்ற குறியிலக்கத்தை இட்டால் ஒரு பைட்டு போதும். அச்சொல் 300 பதிவுகளில் வந்தால் 6300 பைட்டுகள் 300 ஆகக் குறையும். எந்த இலக்கம் எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்று கூறும் பட்டியலே சுருக்க அகராதி. என் அகராதியில் 1 சிறுகதை, 2 கவிதை, 3 வரலாறு.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஸிப் கோப்பு, தன்னை விரிக்கத் தேவையான விபரங்களைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். ஆனால் அகராதி தனியாக இருக்கும் முறைகளில், அது தவறினால் தரவும் தவறிவிடும்.

மூன்று மட்டங்கள்

ஒரு தரவுத்தளம் முதலில் பரீட்சிப்பு மட்டத்தில் சோதிக்கப்படும். பின்னர் செயற்பாட்டு மட்டத்தில் உண்மையான வேலைக்கு வரும். பழைய பதிவுகள் சுவடி மட்டத்துக்குச் செல்லும்.

ஆண்டு முடிவில் பதிவுகளைச் சுவடிக்கு அனுப்பினேன், அகராதியை அனுப்பவில்லை. பின்னர் ‘விஞ்ஞானம்’ என்ற வகையைச் சேர்த்து, பட்டியலை அகரவரிசைப்படுத்திப் பரீட்சித்தேன். சரியாக இயங்கியது. அதையே செயற்பாட்டு மட்டத்துக்கும் மாற்றினேன். இப்போது 1 கவிதை, 2 சிறுகதை.

சில நாட்களின் பின் பழைய பதிவுகளைத் திறந்தபோது, அதிகம் வாசிக்கப்பட்டவை கவிதை நூல்கள் என்று அறிக்கை வந்தது. எங்கள் நூலகத்தின் கவிதை நூல்களோ ஒரே தட்டில் அடங்கிவிடும்! கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இதுவே ஒரு வைத்தியசாலையின் குருதி வகைப் பதிவாக இருந்திருந்தால்? நல்ல வேளையாகப் பழைய பட்டியல் என் அப்பியாசக் கொப்பியில் இருந்ததால் திருத்திக்கொண்டேன்.

நான் கற்ற விதிகள்

1. ஒவ்வோர் அகராதிக்கும் ஓர் அடையாள எண் இட்டு, அதைத் தரவுக் கோப்பிலும் எழுத வேண்டும். இஸட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கல் முறையிலும் இதற்கு வசதி உண்டு.

2. ஒருமுறை வழங்கிய குறியிலக்கத்தை வேறு சொல்லுக்கு வழங்கக் கூடாது. புதிய சொல்லைப் பட்டியலின் இறுதியிலேயே சேர்க்க வேண்டும்.

3. மட்டம் மாற்றும்போது அகராதி முதலில் போக வேண்டும். தரவு அதன் பின்னால். அழிக்கும்போது தரவு முதலில், அகராதி கடைசியில்.

4. சுவடிக்கு அனுப்பியதை அங்கேயே விரித்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. என் எண்ணிக்கையும் சரியாகத்தான் இருந்தது. ஒப்பிட்ட பின்னரே மூலத்தை அழிக்கலாம்.

பிறருடைய விபரங்களைப் பதிந்து வைப்பது ஓர் அமானிதம். பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டுத் திறப்பைத் தொலைப்பவர் அந்த அமானிதத்தைப் பேணியவராக மாட்டார். தரவைப் பாதுகாப்போம், அதை வாசிக்கும் அகராதியையும் சேர்த்தே பாதுகாப்போம்.