முதலில் எதிராளியின் பக்கம்

2024 கடைசியில் மருத்துவக் காப்புறுதி பிரீமியம் ஏறியபோது நம் புலனக் குழுக்கள் பலவும் சூடேறின. ஜெலாப்பாங்கில் நான் இருக்கும் குழுவிலும் அதே கதைதான். காப்புறுதி விற்கும் தம்பி ஒருவர், "எல்லாரும் மாசாமாசம் கொஞ்சம் கட்டினாதான் நாட்டு மருத்துவம் உருப்படும்" என்றார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர், "ஒரு வெள்ளி கிளினிக்கையும் விக்கப் பாக்குறீங்களா?" என்று கேட்டார். பத்தாவது செய்திக்குள் மருத்துவம் காணாமல் போய், யார் எந்தக் கட்சி என்பது மட்டும் மிஞ்சியது. அண்ணன் குழுவை விட்டே வெளியேறினார்.

இளைஞர்களே, இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு நம் சமயத்திலேயே வழி இருக்கிறது.

நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடி இருவரும் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகவே பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை வைத்துக்கொள்ளாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பதே வேலையாக இருந்தால் அது விதண்டை. "விதண்டாவாதம் பண்ணாதே" என்று வீட்டில் அம்மா அதட்டுவது இதைத்தான். கைப்பேசியில் வாதமாகத் தொடங்குவது விதண்டையில் முடிய அதிக நேரம் ஆவதில்லை. இருபது பேர் வேடிக்கை பார்க்கும்போது விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் இதற்கு ஓர் ஒழுங்கு காட்டுகிறார். அவருடைய சிவஞான சித்தியாரின் முதல் பகுதி பரபக்கம். பிற கொள்கையினர் என்ன சொல்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பிறகே மறுக்கிறார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அடுத்துத்தான் வருகிறது. இந்தப் பொறுமை அவருக்கு எப்படி வந்தது? சகலாகம பண்டிதர் என்று பேர் வாங்கிய அவர், சிறுவரான மெய்கண்டாரிடம் போய், "ஆணவத்தின் இயல்பு என்ன?" என்று கேட்டாராம். மெய்கண்டார் பதில் பேசாமல் அவரையே மேலும் கீழும் பார்த்தாராம். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே அவர் மாணவரானார் என்று நம் மரபு சொல்கிறது.

இந்த ஒழுங்கை நம் விஷயத்தில் வைத்துப் பார்ப்போம்.

அண்ணன் முதலில் தம்பியின் பக்கத்தைச் சொல்லட்டும்: "நாட்டில் வயதானவர்கள் கூடுகிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் ஆயுசுக்கும் மருந்து கேட்கும் நோய்கள். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்பு செய்யும் அளவுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் நெருக்கடி இருந்தது. 2023 ஜூனில் மக்களவை ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையே 15 ஆண்டுச் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறது. பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்."

பிறகு தம்பி அண்ணனின் பக்கத்தைச் சொல்லட்டும்: "அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி என்பதால்தான் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் மருந்தைத் தள்ளிப்போடாமல் இருக்கின்றன. தனியார் காப்புறுதியை நம்பினால் என்ன ஆகும்? 2024 டிசம்பரில் பேங்க் நெகாராவே தலையிட்டு, பிரீமியம் ஏற்றத்தைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்ல வேண்டி வந்தது. பென்ஷன் இல்லாத கிழவரும் கிழவியும் இதை எப்படிக் கட்டுவார்கள்?"

இப்படிச் சொல்லிப் பார்த்தால் இருவரும் பயப்படுவது ஒன்றுக்குத்தான் என்று தெரியும்: வயதான காலத்தில் வைத்தியம் கிடைக்காமல் போவது. யார், எவ்வளவு, எப்படிப் பணம் கட்டுவது என்பதில்தான் வேறுபாடு. அதைத் தாராளமாக வாதிடலாம். கட்சிப் பேரை இழுக்கத் தேவையே இல்லை.

அடுத்தது, எதை ஆதாரமாக ஏற்பது? சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்கிறது. நேரில் கண்டது காட்சி. கண்டதை வைத்து ஊகிப்பது கருதல். உரை என்பது நம்பத்தக்கவர் வாக்கு. சமயத்தில் அது வேதாகமம்; நாட்டு நடப்பில், துறையறிந்தவர்கள் பொறுப்போடு வெளியிடும் ஆவணம் என்று வைத்துக்கொள்ளலாம். 2012இல் 'ஒன் கேர்' திட்டம் பற்றி நாடே சண்டை போட்டது. வருமானத்தில் 10 விழுக்காடு வரை போய்விடும் என்ற பேச்சு பரவியது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றது அரசாங்கம். கடைசியில் திட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. சந்தேகப்பட்டவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விவரத்தைச் சொல்லாத இடத்தில் ஊகம்தான் முளைக்கும். ஆனால் கருதலைக் கருதல் என்று சொல்லிப் பேசுவது வேறு, காட்சி மாதிரி அனுப்பிவிடுவது வேறு. ஆகவே ஒரு செய்தியைத் தட்டிவிடும் முன் கேளுங்கள்: நான் பார்த்ததா, ஊகித்ததா, யாரோ சொன்னதா?

கிளைக் கூட்டத்துக்கு ஒரு பயிற்சி தருகிறேன். இரண்டு அணியாகப் பிரியுங்கள். தலைப்பு, அரசாங்க கிளினிக் கட்டணத்தை ஏற்றலாமா என்பது. எதிரணியின் வாதத்தை முதலில் சொல்லுங்கள். அவர்கள் "ஆமா, இதைத்தான் சொல்றோம்" என்று ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் வாதம் தொடங்க வேண்டும்.

கூட்டத்துக்கு வருமுன் ஆளுக்கு ஒரு காலை கிளினிக் வரிசையில் காத்திருக்கும் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். நம் புலனக் குழுக்களில் அவர்கள் இல்லை. நாம் இவ்வளவு நேரம் பேசுவதோ அவர்களைப் பற்றித்தான்.