தசைக்கும் வேண்டும் ஓய்வு!
(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, கபடி அணியில் எப்படியும் இடம் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் ஒரே மாலையில் நூறு பஸ்கி எடுத்தேன். அதே வாரம் கணக்கு அரியர் தேர்வு வேறு. மறுநாள் மாடிப்படி ஏறிவிட்டேன், இறங்கத்தான் முடியவில்லை. அரியரை நினைத்து இரவில் தூக்கமும் இல்லை. கடைசியில் அணியிலும் இடம் கிடைக்கவில்லை.

மூட்டை தூக்கும் என் அப்பா, "படிக்கிற பிள்ளைக்கு என்னடா இப்படி வலி?" என்று கேட்டபடி காலுக்கு எண்ணெய் தடவினார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரை.

வலி ஏன்?

லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் என்று மைதானத்தில் சொல்வார்கள். அது சரியல்ல. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் நீங்கிவிடும். பழக்கமில்லாத பயிற்சியால் தசைநார்களில் நுண்ணிய சிதைவும், தொடர்ந்து அழற்சியும் ஏற்படுகின்றன. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது இது அதிகம். பஸ்கியில் உட்காருவதும் படி இறங்குவதும் அப்படித்தான். வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பிறகு குறையும்.

மனதுக்கு இதில் என்ன வேலை?

2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாணவர்களைக் கடுமையான கால் பயிற்சி செய்யவைத்து 96 மணி நேரம் கவனித்தார்கள். மன அழுத்தம் மிகுந்தவர்களுக்குத் தசை வலு மெதுவாகவே திரும்பியது. நம் பாடத்திலேயே இதற்கு உவமை உண்டு. வெல்டிங் செய்த எஃகில் உள்தகைவு தங்கிவிடும். அதைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டுத்தான் நீக்குகிறோம். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

செய்முறை

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட தளர்வு முறையின் எளிய வடிவம் இது:

1. பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுங்கள்.
2. பாதத்தை 5 வினாடி இறுக்கி, சட்டென விட்டுவிடுங்கள். 20 வினாடி அந்தத் தளர்வைக் கவனியுங்கள்.
3. கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று மேலே வாருங்கள். வலிக்கும் தசையை லேசாக இறுக்கினால் போதும்.
4. மூச்சை நிதானமாக, நீளமாக வெளிவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் போதும். இது வலியை மந்திரம்போல் போக்கிவிடாது. மனப் பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவழைக்கும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. மறுநாள் சும்மா கிடக்காமல் மெதுவாக நடங்கள். முட்டை, பயறு, வேர்க்கடலை சாப்பிடுங்கள். கடும் வலியுடன் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மட்டும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இதை அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். "இதுக்குக்கூடப் படிக்கணுமாடா?" என்று சிரித்தார். தோளுக்கு வருவதற்குள் குறட்டை!

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். நான் வீட்டுக்குக் கொண்டுபோன முதல் பாடம் இதுதான். அரியரும் போன செமஸ்டரில் பாஸ்!