குளிசைப் பழக்கமும் நமது பொறுப்பும்



போதை என்றதும் நாம் மதுவை நினைக்கின்றோம். வைத்தியர் எழுதித் தந்த குளிசையை நினைப்பதில்லை. உணவகத்தில் நாள் முழுதும் நின்று முதுகு நொந்தவருக்குத் திரமடோல், போர் நினைவால் உறக்கமற்றவருக்குச் சொல்பிடெம், பதற்றத்துக்கு அல்பிரசோலம். இவை நல்ல மருந்துகளே. ஆனால் உடல் பழகப் பழக அளவு கூடும். விட்டால் நடுக்கமும் வியர்வையும் வரும். கூடிய அளவோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

ஆகவேதான் பிரான்சில் உறக்கக் குளிசைக்கு 4 வாரம், பதற்றக் குளிசைக்கு 12 வாரம் என எல்லை உண்டு. சொல்பிடெமுக்கு 2017 முதலும், திரமடோல், கோடீன் ஆகியவற்றுக்கு 2025 மார்ச் 1 முதலும் போலி செய்வதைத் தடுக்கும் பாதுகாப்பு மருந்துத் துண்டு கட்டாயம்.

பழக்கம் பிடித்தது ஒருவரின் குற்றமல்ல. சொன்னபடி விழுங்கியவருக்கும் அது வரலாம். ஆனால் மீளும் பொறுப்பு அவருடையது. "டொக்டர்தானே தந்தவர்" என்பது உண்மையாயினும் அது நம்மை மீட்காது. அப்பொறுப்பு எது?

1. உண்மைக் கணக்கைச் சொல்லுதல். வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிச் செல்கின்றோம். பிள்ளையின் முன் தகப்பன் "எட்டுக் குளிசை" என்பாரா? "இரண்டு" என்பார். வைத்தியமே அங்கே பிழைத்துவிடும். நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்வோம். அல்லது எண்ணிக்கையைத் தாளில் எழுதிக் கொடுப்போம்.

2. திடீரென நிறுத்தாதிருத்தல். விரதம்போல் ஒரே நாளில் விட்டால் வலிப்பும் வரலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். அந்தப் படியை மீறாதிருப்பதே நம் பங்கு.

3. கைமாற்றாதிருத்தல். லாச்சப்பலில் தெரிந்தவரிடம் ஓர் அட்டை கேட்பதும் கொடுப்பதும் உதவியல்ல. மிஞ்சியதை மருந்துக்கடையில் ஒப்படைக்கலாம்.

4. உதவி கேட்டல். 'க்சாப்பா' எனப்படும் போதைமீட்பு நிலையங்களில் சிகிச்சை இலவசம். விரும்பினால் பெயரும் சொல்லத் தேவையில்லை. 0 800 23 13 13 என்ற இலவசத் தொலைபேசியில் காலை 8 மணி முதல் இரவு 2 மணி வரை பேசலாம்.

வீட்டார் பழிக்காதிருப்பதும், ஒளித்து வாங்கிக் கொடுக்காதிருப்பதும் வேண்டும். பிள்ளையாருக்கு நேர்த்தி வைப்போம். குளிசையை எண்ண வேண்டியவர் நாமே.

பயிற்சி: இவ்வாரம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, எந்தக் குளிசை, யாருக்கு, எத்தனை மாதமாக என்று எழுதிப் பார்ப்போம். அந்தத் தாளையே அடுத்த முறை வைத்தியரிடம் கொண்டு செல்வோம்.